ஒன்று பட்ட பாடு

ஆங்கிலத்தில் ஒருமையையும் முழுமையையும் குறிக்கும் சொற்கள் பல, ஒரு சில வேர்களிலிருந்து கிளைத்தவை. கிளைத்தபின் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வதில்லை. பழைய ஆங்கிலத்தில் ஒன்றுக்கு ‘ஆன்’ என்று பெயர். அது ‘ஓன்’ ஆகி, பிறகு இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்துப் பேச்சிலிருந்து ஒரு வகரம் வந்து ஒட்டிக்கொள்ள, இன்றைய ‘வன்’ ஆயிற்று. எழுத்தில் மட்டும் அந்த வகரத்துக்கு இடம் தரவில்லை. ஓகாரத்தை எழுதி வகரத்தைப் படிக்க வேண்டும் என்பதை முதல் வகுப்புப் பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வது கல்வித்துறையின் பெரிய சாதனைகளுள் ஒன்று.

சொந்தக்காரர்கள் வீட்டுக்கு இந்த வகரம் போகவே இல்லை. ‘ஓன்லி’, ‘அலோன்’ இரண்டும் பழைய ஒலியோடு நிற்கின்றன. ‘எல்லாம்’ என்று பொருள்படும் ‘ஆல்’ பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில்தான் ஒன்று ‘அலோன்’ ஆனது, அதாவது தனியாகிப்போனது. பின்னாளில் தலையிலிருந்த அகரமும் உதிர்ந்து ‘லோன்’ என்றொரு சொல் கிடைத்தது. அதன் பிள்ளைதான் தனிமையில் வாடும் ‘லோன்லி’. வங்கியில் வாங்கும் லோன் வேறு வேர். வாங்கியவரைத் தனிமைப்படுத்தும் என்றாலும் சொல்லாராய்ச்சி அதை ஏற்காது.

பரிகாரம் செய்வதைக் குறிக்கும் ‘அடோன்’, ‘அட்’, ‘ஓன்’ என்ற இரண்டின் கூட்டு. பகை தீர்ந்து ஒன்றாயிருப்பதே முதற்பொருள். 16ஆம் நூற்றாண்டில் வில்லியம் டின்டேல் தம் விவிலிய மொழிபெயர்ப்பில் இதன் பெயர்ச்சொல்லை இறைவனோடு ஏற்படும் சமாதானத்துக்கு ஆண்டார். ராசியானால் போதும் என்றிருந்த சொல்லில், யார் மன்னிப்புக் கேட்பது என்ற வழக்கு பிறகு புகுந்துவிட்டது.

லத்தீனில் ஒன்று ‘ஊனுஸ்’. அதன் வழிவந்த ‘உன்கியா’ பன்னிரண்டில் ஒரு பங்கு. அது நீளம் அளக்கப் போய் இன்ச், எடை போடப் போய் அவுன்ஸ். இன்ச் இன்னமும் அடிக்குப் 12தான். மளிகைக்கடை அவுன்ஸ் பவுண்டுக்கு 16 ஆகிவிட்டது. பொன் நிறுக்கும் ட்ராய் பவுண்டில் மட்டும் பழைய 12 மாறவில்லை. பொன் விஷயத்தில் யாரும் வாக்குத் தவறுவதில்லை. வெங்காயமும் இந்த வம்சமே. ரோமானியக் குடியானவர்கள் ஒருவகை வெங்காயத்தை ‘ஊனியோ’ என்றழைத்ததைக் கொலுமெல்லா தம் வேளாண் நூலில் எழுதியிருக்கிறார். அதே சொல் பெருமுத்தையும் குறித்தது. ‘ஆனியன்’, ‘யூனியன்’ இரண்டையும் உரித்துப் பார்ப்பவர் கண் கலங்குவதற்கு இந்த உறவும் காரணமாகலாம்.

‘யுனிவர்ஸ்’ என்றால் ஒன்றாகத் திரும்பியது. பிரபஞ்சத்துக்குப் பொருத்தம்தான். ஆனால் ‘யுனிவர்சிட்டி’க்கும் அகில அறிவுக்கும் பிறப்பில் தொடர்பில்லை. இடைக்காலத்தில் ‘ஊனிவெர்சிதாஸ்’ என்பது எந்தச் சங்கத்துக்கும் பொருந்தும் பெயர்; கைவினைஞர் கூட்டமும் அதில் அடக்கம். இத்தாலியின் பொலோஞாவில் வெளியூர் மாணவர்கள் வீட்டு வாடகையையும் புத்தக விலையையும் குறைக்கச் சங்கம் சேர்ந்தார்கள். சேர்ந்த கையோடு, தாமதமாக வரும் ஆசிரியருக்கு அபராதமும் போட்டார்கள். பட்டமளிப்பு விழாக்களில் இந்த வரலாறு வாசிக்கப்படுவதில்லை.

எல்லோரையும் அணைக்கும் சொற்களில் அதிகம் தேய்ந்தது ‘ஆம்னிபஸ்’. லத்தீனில் அதற்கு ‘எல்லோருக்கும்’ என்று பொருள். 1829இல் ஜார்ஜ் ஷில்லிபியர் லண்டனில் பாடிங்டனிலிருந்து பாங்க் வரை மூன்று குதிரை பூட்டி ஓட்டிய வண்டிக்கு அந்தப் பெயர். கட்டணம் ஒரு ஷில்லிங். கூலிக்காரர்கள் நடந்தே போனார்கள். பிறகு சொல்லில் முன்பாதி கழன்று ‘பஸ்’ மட்டும் தங்கியது. ‘எல்லோரு’ இறங்கிக்கொள்ள, ‘க்கும்’ ஓடிக்கொண்டிருக்கிறது. உலகெங்கும் நிறுத்தங்களில் மக்கள் கால்கடுக்க நின்று எதிர்பார்ப்பது ஒரு நான்காம் வேற்றுமை உருபை.