ஒரே பிரசவத்தில் மூன்று பெயர்கள்

தமிழ்க் குடும்பங்களில் உடன்பிறந்தாருக்குப் பெயர் வைக்கும் முறையை ஆராயப் புகுபவர் முதலில் கற்க வேண்டியது சோதிடமன்று, யாப்பிலக்கணம். கமலா, கலா, கண்ணன் என்று முதலெழுத்து ஒத்துவரப் பெயர் வைக்கும் வீடு மோனைத் தொடையையும், மாலா, நீலா, லீலா என்று இரண்டாம் எழுத்து ஒத்துவர வைக்கும் வீடு எதுகைத் தொடையையும், ரமேஷ், சுரேஷ், மகேஷ் என்று இறுதியில் ஓசை ஒத்துவர வைக்கும் வீடு இயைபுத் தொடையையும் பின்பற்றுவதாகக் கொள்ளலாம். எந்த வீட்டுக்கு எந்தத் தொடை என்பது இரண்டாம் பிள்ளையின் பெயர்சூட்டு விழாவில், பெற்றோரே அறியாமல், முடிவாகிவிடுகிறது. அதன்பின் பிறக்கும் எந்தப் பிள்ளையும் அந்த ஓசையைக் கெடுக்காமல் வந்து சேர வேண்டும். கெடுத்துவிட்டால், "மூத்தது ரெண்டுக்கும் எவ்வளவு பொருத்தமா வெச்சீங்க, இதுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்பதற்கு எல்லா ஊரிலும் ஒரு பெரியம்மா இருக்கிறார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வரும்வரை இந்த ஏற்பாட்டுக்குக் குறையில்லை. ஏற்கெனவே இருவர் இருக்கும் வீட்டில், நாளிதழ்கள் 'ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள், தாயும் சேய்களும் நலம்' என்று படத்துடன் வெளியிடும் அந்த நிகழ்ச்சி நடக்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. ஹெலின் என்னும் மருத்துவர் 1895இல் கூறிய கணக்குப்படி, ஏறத்தாழ 89 பிரசவங்களில் ஒன்று இரட்டையாகவும், 89ஐ 89ஆல் பெருக்கி வரும் 7,921இல் ஒன்று மூவராகவும் அமையும். குழந்தைப்பேற்றுச் சிகிச்சைகள் பெருகிய பிறகு இக்கணக்கு பழையதாகிவிட்டது. அவர் பிறப்பைக் கணக்கிட்டாரேயன்றி, மூத்தவர் இருவரின் பெயருக்கும் ஒத்துப்போவதோடு தமக்குள்ளும் ஒத்துப்போகும் மூன்று பெயர்கள் கிடைக்கும் வாய்ப்பைக் கணக்கிடவில்லை.

மூன்று என்றதும் தமிழறிந்த தாய்மாமன் ஒருவர் முகம் மலர்ந்து முன்வருவார், ஏனெனில் தமிழில் மும்மைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இத்தொகுதிகளை உற்று நோக்கினால் ஒரு விதி புலப்படும்: எந்த மும்மையை எடுத்தாலும் அதில் ஒன்று பெயராக உதவாது, அந்த ஒன்றே கடைசியாகப் பிறந்த பிள்ளையின் தலையில் விழும். முத்தமிழில் இயல் என்றும் இசை என்றும் இக்காலத்தில் பெண் குழந்தைகளுக்குப் பெயர் வைக்கிறார்கள், கேட்கவும் இனிமையாக இருக்கிறது. மூன்றாமவளை நாடகம் என்று பள்ளியில் சேர்க்க எந்தத் தகப்பனுக்கும் துணிவு வராது. முப்பாலில் அறத்தை அறவாழி ஆக்கலாம், இன்பத்தை இன்பா ஆக்கலாம், நடுவில் நிற்கும் பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாது. முக்கனியைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை, பலாவைப் பெயராகச் சுமக்கும் பிள்ளையிடம் வகுப்புத் தோழர்கள் கருணை காட்டப்போவதில்லை. சேரன், சோழன், பாண்டியன் மூன்றுமே நல்ல பெயர்கள்தாம் என்றாலும், அவற்றுக்குப் பிறந்த மூவரும் ஆண்களாக இருக்க வேண்டும் என்பதோடு, மூத்தவனுக்கு ஏற்கெனவே பாண்டியன் என்று வைத்துத் தொலைத்திராமலும் இருக்க வேண்டும்.

இரண்டும் மூன்றும் ஐந்து என்பதால் ஐந்தின் தொகுதிகளை நாடுவது அடுத்த முயற்சி. இங்கும் மூத்தவர்கள் முந்திக்கொள்கிறார்கள். நிலத்தை ஐந்தாகப் பகுத்த பண்டைய திணைப் பாகுபாட்டில் குறிஞ்சியும் முல்லையும் முதல் இரு மகள்களுக்குப் போய்விட்டால், மருதத்தை மருதன் என்றும் நெய்தலை அப்படியேயும் ஒருவாறு சமாளிக்கலாம், மிஞ்சுவது வறண்ட பாலை. ஐம்பெருங்காப்பியங்களின் நிலை இன்னும் பரிதாபமானது. மணிமேகலையும் சிந்தாமணியும் மூத்தவர்களுக்கு அமைந்துவிட, சிலப்பதிகாரத்துக்கு மாற்றாகக் கோவலன் என்று வைக்கலாமா என்று கேட்டால் பாட்டி எழுந்து உள்ளே போய்விடுவார். எஞ்சிய வளையாபதியும் குண்டலகேசியும் ஏட்டிலேயே முழுமையாகக் கிடைக்காமற்போன நூல்கள். நதிகளை நம்பிய குடும்பங்களும் உண்டு. கங்கா, யமுனா என்று மூத்தவர்களை அழைத்துவந்த வீட்டில் அடுத்த மூன்றும் பெண்களானால் நர்மதா, சரஸ்வதி, காவேரி என்று ஆறு தடையின்றி ஓடும். ஒன்று ஆணாகிவிட்டால் அவனுக்குப் பிரம்மபுத்திரா என்று வைப்பதா வேண்டாமா என்று குடும்பம் இரண்டாகப் பிரியும்.

இந்தத் துன்பம் இன்று நேற்று வந்ததன்று. உடன்பிறந்தார் பெயர்ப் பொருத்தத்தை மிகப் பெரிய அளவில் முயன்று பார்த்த குடும்பம் அத்தினாபுரத்துக் கௌரவர் குடும்பம்: துரியோதனன், துச்சாதனன், துர்முகன் என்று மோனை தவறாமல் தொடங்கி, நூற்றுவருக்குப் பின் பிறந்த ஒரே தங்கைக்குத் துச்சலை என்று வைத்து முடித்திருக்கிறார்கள். ஆனாலும் நூறு பேருக்கும் அந்த எழுத்து தாங்கவில்லை. இடையில் விகர்ணன் வருகிறான், சித்திரன், உபசித்திரன் என்று வேறொரு வரிசை கிளம்புகிறது. 2017இல் வெளிவந்த 'ஜெய் லவ குசா' என்னும் தெலுங்குப் படத்தில் ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று சகோதரர்களில் இருவருக்கு இராமாயணத்து இரட்டையர் பெயர் பொருந்திவிட, மிஞ்சிய ஒருவன் ஜெய் என்னும் பெயரோடு நிற்கிறான், அவனே படத்தின் எதிர்நாயகனாகவும் ஆகிறான் என்பது ஆய்வுக்குரியது. 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) இன்னும் நேர்மையான தீர்வைக் காட்டுகிறது. ஒரே சூலில் பிறந்த நால்வரும் தனித்தனி இடங்களில் வளர்ந்ததால் ஒருவர் பெயருக்கும் மற்றவர் பெயருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இத்தனை இலக்கியத் தடைகளையும் தாண்டியவர்களைச் சோதிடம் வாசலில் எதிர்கொள்கிறது. நட்சத்திரங்கள் 27, ஒவ்வொன்றுக்கும் பாதம் எனப்படும் கால்பகுதிகள் 4, ஆக 108 பாதங்களுக்கும் தொடக்க எழுத்துகள் வகுக்கப்பட்டுள்ளன. சந்திரன் ஒரு பாதத்தைக் கடக்க ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகிறது. அறுவைச் சிகிச்சையில் சில நிமிட இடைவெளியில் எடுக்கப்படும் மூன்று குழந்தைகளும் பெரும்பாலும் ஒரே பாதத்தில் விழுந்து ஒரே எழுத்தைப் பெறுகின்றன. அந்தப் பாதம் திருவாதிரையின் மூன்றாவதாக இருந்துவிட்டால் பஞ்சாங்கம் காட்டும் எழுத்து 'ங'. ஆத்திசூடி பாடிய ஔவையாரே அதில் தொடங்கும் சொல் கிடைக்காமல் எழுத்தின் வடிவத்தையே உவமையாக்கிக் கடந்துபோன இடத்தில், மூன்று பெயர்கள் கேட்பது அநியாயம். பெயரை ஆங்கிலத்தில் எழுதி, எழுத்துக்கு ஓர் எண் கொடுத்துக் கூட்டிப் பார்க்கும் எண்கணிதமும் இதற்குச் சளைத்ததன்று: மூவருக்கும் பிறந்த தேதி ஒன்று, ஆகவே கூட்டுத்தொகையும் ஒத்துவர வேண்டும், அதற்காக ஒருவன் பெயரில் ஓர் 'ஏ' கூடுகிறது, இன்னொருவன் பெயரில் ஓர் 'எச்' நுழைகிறது.

மூவர் பிறந்ததில் ஒரு நன்மையும் இல்லாமலில்லை. வழக்கமாக ஒரு தொட்டிலுக்குப் போட்டியிடும் தந்தைவழித் தாத்தா, தாய்வழித் தாத்தா, குலதெய்வம் ஆகிய மூன்று தரப்புக்கும் ஆளுக்கொரு பிள்ளை கிடைப்பதால் சமாதானம் ஏற்படுகிறது. ஆதவ், ஆதிரா என்ற மூத்தவர்களுக்குப் பின் வெங்கடாசலம், சண்முகசுந்தரம், முனியாண்டி என்று வரிசை நீள்வதுதான் அதற்குக் கொடுக்கும் விலை. மாமனார் பெயரைச் சொல்லிக் கூப்பிட மருமகள் தயங்கும் வீடுகளில் வெங்கடாசலம் எப்படியும் 'குட்டிப்பா' ஆகிவிடுவான்.

பெயர் சூட்டும் நாளில் அத்தை குழந்தையின் காதருகே குனிந்து மூன்று முறை பெயரைச் சொல்வது பல குடும்பங்களில் உள்ள வழக்கம். மூவர் விஷயத்தில் இது ஒன்பது முறையாகிறது. மூன்று முகமும் ஒன்றுபோல் இருப்பதால், கால் கட்டைவிரல் நகத்தில் தாய் பூசி வைத்த சிவப்பு, நீலம், பச்சை நகப்பூச்சைத் துணி விலக்கிப் பார்த்துக்கொண்டே அத்தை ஓத வேண்டியிருக்கிறது. நகப்பூச்சு அழிந்து, பிள்ளைகள் தெருவில் விளையாடும் வயது வந்தபின்தான் பெயரின் உண்மையான பயன் தெரியவரும். தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது பெயர் தன் அளவைக் கடந்து நீண்டு ஒலிக்கும் என்று தொல்காப்பியம் விளிமரபில் சொல்கிறது. மொட்டை மாடியில் நின்று "தினேஏஏஷ்" என்று தாய் குரல் கொடுத்தால், நீண்ட பகுதியே காற்றில் போய்ச் சேருமாதலால், தினேஷும் ரமேஷும் மகேஷும் சேர்ந்து திரும்புவார்கள், அல்லது மூவருமே தன்னை இல்லை என்று இருந்துவிடுவார்கள்; இரண்டாவதே பெரும்பான்மை. பொருத்தமான பெயர்கள் விருந்தினர் காதுக்கு இனியவை, அன்றாடம் கூப்பிடும் தாய்க்கு எதிரானவை என்பதே இவ்வாராய்ச்சியின் முடிபு.

பொருத்தமில்லாத பெயர்களால் ஒரு குடும்பத்துக்கும் குறைவு வந்ததாகத் தெரியவில்லை. மு. கருணாநிதியின் மகன்களில் ஒருவருக்குப் பட்டுக்கோட்டை அழகிரியின் பெயர், இன்னொருவருக்கு 1953இல் மறைந்த சோவியத் தலைவரின் பெயர், மற்றொருவருக்குத் தமிழரசு. எதுகையும் இல்லை, மோனையும் இல்லை, எந்தப் பிள்ளையைக் குறிக்கிறது என்பதில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை.

அவசரமும் தேவையில்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டுமேயன்றிப் பெயரில்லாமலே பதிவு செய்யலாம். தமிழ்நாட்டில் 12 மாதங்கள் வரை கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்த்துக்கொள்ள விதி இடம் தருகிறது. பதிந்த பெயரைப் பின்னால் மாற்றுவதென்றால் அரசிதழில் அறிவிக்க வேண்டும், அதுவும் மூவருக்குமென்றால் மூன்று அறிவிப்புகள். ஆதலால் பெற்றோர் தாங்கள் தேர்ந்த பெயர்களை முதலில் மொட்டை மாடியிலிருந்து ஒருமுறை உரக்கக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகே விண்ணப்பத்தை நிரப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.