லைட்டு எப்போ எரியுது மாப்ளே?

வா மாப்ளே, உக்காரு. ஷிப்டு முடிஞ்சி வந்த மொகம் மாதிரி தெரியலையே. பொண்ணு பாக்கப் போன எடத்துல பஜ்ஜி மட்டும் குடுத்து அனுப்பிட்ட மாதிரி கீது. வேன்ல ஆயில் லைட்டு எரியுதுன்னு உங்க அத்தை ரேஷன் கடை வரிசையிலயே கேட்டுகினு வந்துட்டா. இந்த மாமன் வூட்டுக்கு வர்றதுக்குத்தான் உனக்கு நாலு நாள் ஆச்சு.

அதுவும் நியாயந்தான். நீ டிப்ளமா. கம்பெனி லைன்ல இன்ஜினுக்கு நட்டு முறுக்கறவன். எவ்ளோ முறுக்கணும்னு மிஷினுக்கே தெரியும், அது நின்னா நீ கையை எடுக்கணும். நான் யாரு? கழனியில ஆயில் இன்ஜின் வெச்சித் தண்ணி எறைச்சவன். 1998ல இருங்காட்டுக்கோட்டையிலேர்ந்து சான்ட்ரோ கார் வெளிய வந்தப்போ ரோட்டோரம் துண்டை உதறிப் போட்டுகினு வேடிக்கை பாத்தவன். அப்பால 2010ல ஒரகடத்துல நிசான், 2012ல டைம்லர் லாரின்னு ஒண்ணொண்ணா வந்துச்சி. கழனி போச்சு. இன்ஜினை எடைக்குப் போட்டேன்.

அந்த இன்ஜினுக்கு ஏது பிரஷரு, ஏது லைட்டு? கனெக்டிங் ராடுக்கு அடியில கரண்டி மாதிரி ஒண்ணு இருக்கும். சுத்தறப்போ அது ஆயிலை வாரி அடிக்கும், அவ்ளோதான். உன் வேன் அப்படியா? சம்ப்புல கீற ஆயிலை ஸ்ட்ரெய்னர் வழியா பம்ப்பு உறிஞ்சணும், பில்டரைத் தாண்டணும், கிராங்க் பேரிங்குக்கும் மேல ராக்கருக்கும் போய்ச் சேரணும். பெரிய எடத்துச் சம்பந்தம் மாதிரி, நடுவுல ஒருத்தர் மூஞ்சியத் திருப்பினாலும் காரியம் நின்னுபோவும்.

சரி, நீ பண்ண வைத்தியத்தைச் சொல்லட்டுமா? ரேடியேட்டர் ஒழுகுதுன்னு ஞாயித்துக்கிழமை வாசல்லயே வண்டியைத் தூக்கி வெச்சிப் புதுசு மாட்டினே. மறுநாளு லைட்டு எரிஞ்சுது. ஆயில் பிரஷர் சுவிட்சை மாத்தினே, எரிஞ்சுது. ஆயிலை மாத்தினே, எரிஞ்சுது. இப்போ ஆயில் பம்ப்பே வாங்கியாந்துட்டே. ஸ்பேர்ஸ் கடைக்காரர் உன் போட்டோவை மாட்டி ஊதுவத்தி கொளுத்தறாராமே, நெசமா?

ரேடியேட்டர் ஏன் ஓட்டையாச்சுன்னு யோசிச்சியா? ரெண்டு வருசமா கூலண்டுக்குக் காசு மிச்சம் புடிச்சி போர் தண்ணி ஊத்தினியே. உங்க அம்மா குக்கர் அடியில வெள்ளையா படியுதே, அதேதான் உள்ள. போவட்டும். வண்டி கொதிச்சுதா, கொதிச்சும் ஓட்டினியா? அதைச் சொல்லு மொதல்ல. கொதிக்கக் கொதிக்க ஓட்டினா ஹெட்டு வளையும், கேஸ்கெட்டு போவும், தண்ணி ஆயில்ல எறங்கும். அப்பால பேரிங்கு பாவம். கொதிக்கறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன்றே. டிப் ஸ்டிக்கை உருவிப் பாத்தியா? பால் ஊத்தின காபி மாதிரி இல்லியே? டீசல் வாடை அடிக்கலியே? அளவும் கோட்டுக்குள்ளதான் கீதா? அப்போ உங்க குலசாமிக்கு ஒரு தேங்கா ஒடைச்சிடு.

வயரையும் சொல்லிடறேன். அந்த சுவிட்சு பிரஷர் இல்லாதப்போ கரண்டை பாடிக்குத் தொடவிடும், லைட்டு எரியும். பிரஷர் வந்தா விட்டுடும், அணையும். ரேடியேட்டர் மாட்டறப்போ அந்த வயர் எங்கியாவது நசுங்கி இரும்பைத் தொட்டா ஓயாம எரியும். புடுங்கிகினா எப்பவுமே எரியாது. சாவி போட்டதும் லைட்டு வரலன்னா வண்டி நல்லாருக்குன்னு நம்ம பசங்க சந்தோசப்படுவானுங்க. காவக்காரன் தூங்கறதைப் பாத்துட்டு ஊர்ல திருடனே இல்லன்னு சொல்ற கதை அது.

இப்போ ஒரே ஒரு கேள்வி. நாலு நாளா எவனும் உன்னைக் கேக்காத கேள்வி. லைட்டு எப்போ எரியுது மாப்ளே? ‘எரியுது’ன்னு சொல்லாத. எப்போ?

ஆங். சிக்னல்ல நிக்கறப்போ எரியல. ஒரகடம் பாலம் ஏறி மிதிச்சா எரியுது. காலை எடுத்தா அணையுது. இதை வெச்சிகினு பம்ப்பு வாங்கினியா நீ? பேரிங்கு தேஞ்சிருந்தாலும் ஆயில் நீத்துப்போயிருந்தாலும் இன்ஜின் சூடாயி சும்மா நிக்கறப்போ எரியும், மிதிச்சா அணையும். உனக்கு தலைகீழா நடக்குது. மிதிச்சா பம்ப்பு நெறைய கேக்குது, கீழேர்ந்து வரத்து பத்தல. அடைச்ச ஸ்ட்ராவுல எளநி குடிச்சிப் பாரு. மெதுவா உறிஞ்சினா வரும், அவசரப்பட்டா கன்னம்தான் ஒட்டும்.

திருக்கோஷ்டியூர் நம்பிகிட்ட மந்திரம் கேக்க நம்மூரு ராமானுஜர் பதினெட்டு தடவை நடந்தாராம். நீ ஒரு தடவை வந்தே, அதுவும் பைக்ல. ஆனா கோபுரத்துல ஏறி ஊருக்கே சொன்ன மனுசன் பொறந்த மண்ணு, நான் மட்டும் ரகசியம் வெச்சிக்கலாமா? கேட்டுக்கோ. அந்த சுவிட்சைக் கழட்டி, அதே ஓட்டையில முள்ளு வெச்ச பிரஷர் கேஜை மாட்டு. கேஜு மெக்கானிக்குகிட்ட இருக்கும், ஒரு டீக்குத் தருவான். இன்ஜினை நல்லா சூடாக்கு. சும்மா நிக்கறப்போ முள்ளு எங்க, மிதிக்கறப்போ எங்கன்னு பாரு. சரியான அளவு எவ்ளோன்னு வண்டி புத்தகத்துல போட்டிருக்கும், நீ பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காம வெச்சிருக்கியே, அதுல. மிதிக்க மிதிக்க முள்ளு ஏறணும். எறங்கிச்சின்னா மாமன் சொன்னது சரி.

அதுக்கு முன்னாடி டார்ச்சை எடுத்துகினு வண்டிக்கு அடியில படு. சட்டை அழுக்காவும், கம்பெனி சட்டைதானே. ஞாயித்துக்கிழமை ஜாக்கியை எங்க வெச்சே? பிரேம் சட்டத்துலயா? ஏன் தலையைச் சொறியறே? ‘நடுவுல வாட்டமா தட்டையா இருந்துச்சி’ன்னு வெச்சியா? அது சம்ப்பு மாப்ளே, தகரம். வண்டி கனத்துக்கு உள்ளார குழிஞ்சி ஸ்ட்ரெய்னர் வாயை மூடிகினு ஒக்காந்திருக்கும். ரேடியேட்டருக்கும் ஆயிலுக்கும் உள்ள சொந்தம் அந்த ஜாக்கிதான்.

சம்ப்பை எறக்கு. மரக்கட்டை வெச்சி உள்ளேர்ந்து தட்டி நிமுத்து, வெளிய பழைய அளவு வர்ற வரைக்கும். ஸ்ட்ரெய்னரை டீசல்ல கழுவு, கேஸ்கெட்டு புதுசு போடு. பழைய பில்டரை எறியாத, அறுத்துப் பிரிச்சி அந்தக் காகித மடிப்பை வெயில்ல புடிச்சிப் பாரு. ஜரிகை மாதிரி மின்னிச்சின்னா நாலு நாள் ஓட்டினதுல பேரிங்கு செத்துகினு கீதுன்னு அர்த்தம். காந்தத்தைக் காட்டி ‘ஒட்டல மாமா’ன்னு இளிச்சிகினு வராத. பேரிங்கு மேல் பூச்சு காந்தத்துல ஒட்டாது. மின்னலன்னா நீ பொழைச்சே. எதுவா இருந்தாலும் அது முடியற வரைக்கும் அந்த வேன்ல ஷிப்டு ஆளை ஏத்தாத. பஸ்ல போவட்டும்.

பம்ப்பு? சீல் பிரிச்சதைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டாரு. பரணை மேல வை. டப்பாவை மட்டும் குடுத்துட்டுப் போ, ரேஷன் கார்டும் கரண்டு பில்லும் போட்டு வெக்க வாட்டமா ஒரு டப்பா வேணும்னு உங்க அத்தை ரொம்ப நாளா கேட்டுகினு கீறா.