ரசம் வைத்தேன்… நடந்த விபரீதம்! (கடைசி வரை படிங்க)

வீடியோ தயாரா? இனி யாராவது கிளிக் செய்தால் போதும். பார்ப்பதும் பாதியில் ஓடுவதும் அவர்கள் பாடு. இந்த ஆறு படிகளை விடாமல் பின்பற்றுங்கள்.

1. தம்ப்நெயிலில் தொடங்குங்கள். ரசம் வைக்கும் வீடியோதானே? கன்னத்தில் கை வைத்து, வாயைப் பிளந்து ஒரு போட்டோ. பின்னால் ஆம்புலன்ஸ். ஈயச்சொம்பைச் சுற்றி சிவப்பு வட்டம், அதை நோக்கி மஞ்சள் அம்பு. முக்கியமான வார்த்தையை வலது கீழ் மூலையில் வையுங்கள். வீடியோ நேரம் காட்டும் கறுப்புக் கட்டம் அதைப் பத்திரமாக மூடிக்கொள்ளும்.

2. டைட்டிலுக்கு 100 எழுத்து வரை இடமுண்டு. ஒன்றைக்கூட வீணாக்காதீர்கள். 'அதிர்ச்சி', 'கதறல்', 'நடந்தது என்ன?' மூன்றையும் போடுங்கள். ரசம் கடைசியில் வரட்டும். போனில் அது வெட்டுப்பட்டுவிடும்.

3. சரக்கு இல்லாத நாளில் கேள்விக்குறி கைகொடுக்கும். 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா?' என்று கேளுங்கள். 'இல்லை' என்பதை ஒன்பதாவது நிமிடத்தில் சொல்லுங்கள். செய்தி விஷயத்தில் இப்படி ஏமாற்றும் வீடியோக்களை நீக்குவோம் என்று 2024 டிசம்பரில் யூடியூப் இந்தியாவுக்கென்றே அறிவித்தது. அது பக்கத்துச் சேனலுக்கு. உங்களுக்கில்லை.

4. லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டு, சிடிஆர் (தம்ப்நெயில் தெரிந்ததில் எத்தனை சதவீதம் கிளிக் ஆனது என்ற கணக்கு) ஏறுகிறதா என்று நிமிடத்துக்கொரு முறை பாருங்கள். யூடியூபுக்குள் தம்ப்நெயில் பாதியாவது, ஒரு நொடிக்கு மேல் தெரிந்தால்தான் இம்ப்ரெஷன். வாட்ஸ்அப் வழியே வரும் சித்தப்பா அந்தக் கணக்கிலேயே சேரமாட்டார். பரவாயில்லை, அவரைக் கோபித்துக்கொள்ளுங்கள்.

5. 4% வந்ததா? இடிந்துபோங்கள். பாதி சேனல்களுக்கு 2 முதல் 10 சதவீதம்தான் என்று யூடியூபே சொல்கிறது, நீங்கள் நம்பாதீர்கள். தெரிந்தவர்களைத் தாண்டி வெளியாட்களுக்கு வீடியோ போய்ச் சேரும்போது சதவீதம் இறங்குவது வழக்கம். பரவத் தொடங்கிய அந்த நேரம் பார்த்துத் தம்ப்நெயிலை மாற்றுங்கள். மூன்று தம்ப்நெயில் போட்டு ஒப்பிடும் வசதியும் இருக்கிறது: அதே பிளந்த வாய், மூன்று நிறங்களில். ஜெயித்தது எது என்பதை கிளிக்கை வைத்துச் சொல்லாமல் வாட்ச் டைமை வைத்துச் சொல்வார்கள். அநியாயம்தான்.

6. கிளிக் செய்து வந்தவரைச் சும்மா விடாதீர்கள். லோகோ சுழலட்டும். லைக், ஷேர், சப்ஸ்கிரைப், பெல் பட்டன் எல்லாம் கேளுங்கள். புளி ஊறும்வரை சொந்தக்கதை சொல்லுங்கள். பார்வை எண்ணிக்கையைவிடப் பார்க்கும் நேரமே பெரிது என்று யூடியூப் 2012லேயே மாறிவிட்டதெல்லாம் பழங்கதை.

ஏமாந்தவர் சண்டைக்கு வரமாட்டார். 'ஆர்வமில்லை' என்பதைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். அடுத்த வீடியோவுக்கு இம்ப்ரெஷனே குறையும். அப்போது 'அல்காரிதம் சதி' என்று ஒரு வீடியோ போடுங்கள். அதிலாவது தலைப்பில் சொன்ன விஷயம் உள்ளே இருக்கட்டும்.