கிஃப்ட் என்னும் நஞ்சு: ஒரு சொல்லாராய்ச்சி

ஆங்கிலேயரிடம் ‘கிஃப்ட்’ என்றால் அன்பளிப்பு. ஜெர்மனிக்குப் போனால் அதே நான்கு எழுத்து, மண்டையோட்டுப் படத்துக்குப் பக்கத்தில், புட்டியின் மேல் ஒட்டியிருக்கும். அங்கே அது விஷம். சுவீடனில் ‘யிஃப்ட்’ என்பார்கள். பொருள் இரண்டு: ஒன்று விஷம், மற்றது கல்யாணமானவர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம்தான். யாரால் யாருக்கு விஷம் என்பதில் இலக்கணம் தலையிடுவதில்லை.

இதற்கு ஆராய்ச்சியே வேண்டாம் என்பது பிரம்மச்சாரிகள் கட்சி. அனுபவமில்லாதவர் சாட்சியம் செல்லாது என்பதால் அதைத் தள்ளிவிடலாம். அனுபவமுள்ளவர்களோ துணைவர் பக்கத்தில் இருக்கும்வரை வாய் திறப்பதில்லை. ஆகவே அகராதிகளே கதி.

‘கொடு’ என்னும் பழைய ஜெர்மானிய வினையிலிருந்து வந்தது இச்சொல். பழைய ஆங்கிலத்தில் அது பெண்ணுக்காகக் கொடுத்த பணம். பன்மையில் சொன்னால் கல்யாணம். பெண் கொடுத்து, பெண் எடுக்கும் நமக்கு இதில் வியப்பில்லை. பின்னாளில் ஆங்கிலேயர் கல்யாணத்தை மறந்து பொட்டலத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஜெர்மனில் சீதனம் இன்றும் ‘மிட்கிஃப்ட்’. இன்றைய வழக்கில் பிரித்தால் ‘கூடவே விஷம்’. பெயரை மாற்றச் சொல்லி மாமனார்கள் மனுக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

விஷம் வந்த வழி வேறு. கிரேக்கத்தில் ‘தோசிஸ்’ என்றால் கொடுத்தல். வைத்தியர் கொடுக்கும் மருந்தின் அளவுக்கும் அதுவே பெயர். அது லத்தீன் வழியாக வந்தபோது, ஜெர்மானியர் தம் ‘கொடுத்தலை’ வைத்து மொழிபெயர்த்து, நஞ்சுக்கு மங்கல வழக்காக்கிக்கொண்டார்கள். நாம் பாஷாணத்தை ‘எலி மருந்து’ என்பதில்லையா? எலிக்கு உடம்புக்கு என்ன என்று எந்தக் கடைக்காரரும் விசாரித்ததில்லை.

பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1924இல் ‘கிஃப்ட், கிஃப்ட்’ என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். பரிசு, வாங்கியவரைக் கட்டிப்போடும். அதனால் அதில் கொஞ்சம் நஞ்சும் உண்டு என்பது அவர் கட்சி. நம் மொய் நோட்டு ஒன்று கையில் கிடைத்திருந்தால் அவருக்குப் பாதி உழைப்பு மிச்சமாகியிருக்கும்.

அந்தத் தோசிஸ்தான் ஆங்கிலத்தில் ‘டோஸ்’ ஆகி, கப்பலேறி நம்மிடம் வந்து வசவாகிவிட்டது. ‘நேற்று வீட்டில் செம டோஸ்’ என்பவர் தம்மையறியாமல் கிரேக்கம் பேசுகிறார். அவர் கல்யாணமானவரா என்று குறித்துக்கொண்டால் சுவீடிஷ் தரவும் கூடவே கிடைத்துவிடும்.