வாசிகசாலைக்குள் போன குதிரை

சங்கத்தோடு கொழுவிக்கொண்டு வெளியே வந்த மனிசன் அடுத்து என்ன செய்வான்? தீவகத்தில் பிறந்த பிள்ளைக்கு இதற்கு விடை பாலர் வகுப்பிலேயே தெரியும். எதிர்க்காணியை வாங்குவான். வாங்க வக்கில்லாவிட்டால் மச்சானின் காணியை இரவல் கேட்பான். பழைய சங்கத்துத் தலைவர் காலையில் கதவைத் திறந்ததும் கண்ணில் குத்துகிற மாதிரி ஒரு பெயர்ப்பலகையை நட்டு, புதுச் சங்கம் தொடங்குவான். எங்கள் பக்கத்தில் ஓர் ஊருக்கு இரண்டு வாசிகசாலையும் மூன்று விளையாட்டுக்கழகமும் இருப்பதைப் பார்த்து, வாசிக்கிறவர்களும் விளையாடுகிறவர்களும் பெருகிவிட்டார்கள் என்று வெளியூர்க்காரர் நினைப்பார்கள். நினைக்கட்டும்.

உலகத்தின் பேர்போன புல்தரை டென்னிஸ் போட்டிகளில் ஒன்றும் இந்த வழியில்தான் பிறந்தது. இடம், அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நியூபோர்ட் என்ற கடற்கரைப் பட்டினம். அக்விட்னெக் என்ற தீவின் தென்கோடியில் இருக்கிறது. ஆகவே அவர்களும் தீவார்தான், குணத்தில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்கக்கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூயோர்க்கின் பெரும் பணக்காரர்கள் கோடை தொடங்கியதும் பெட்டி படுக்கையோடு அங்கே வந்து இறங்குவார்கள். வாண்டர்பில்ட் குடும்பம் அங்கே எழுபது அறைகளோடு ஒரு மாளிகை கட்டி, அதைக் கோடைக்குடில் என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டது.

இந்தக் கூட்டத்தில் ஒருவர் ஜேம்ஸ் கோர்டன் பெனட். அப்பாவுக்கும் அதே பெயர். அப்பா 'நியூயோர்க் ஹெரால்ட்' பத்திரிகையைத் தொடங்கிச் சம்பாதித்தார். மகன் அந்தக் காசைச் செலவழிக்கிற பொறுப்பை மனமுவந்து ஏற்றுக்கொண்டார். ஆபிரிக்காவில் தொலைந்துபோனதாகச் சொல்லப்பட்ட லிவிங்ஸ்டனைத் தேடிப்பிடிக்க ஸ்டான்லியை அனுப்பியவர் இவர்தான். 1866இல் அட்லாண்டிக்கைக் குறுக்கறுத்த பாய்க்கப்பல் ஓட்டத்தில் வென்றதும் இவருடைய கப்பல்தான். நடுச்சாமத்தில் உடுப்பில்லாமல் குதிரைவண்டி ஓட்டுவார் என்றும் ஊரில் பேச்சு இருந்தது.

1877ஆம் ஆண்டுப் புதுவருட தினத்தில், கலியாணம் பேசி முற்றாக்கியிருந்த பெண் வீட்டு விருந்துக்கு ஆள் நல்ல வெறியில் போனார். போன இடத்தில் விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்கவே சிறுநீர் கழித்தார். கழித்தது கணப்படுப்புக்குள்ளா, பியானோவுக்குள்ளா என்பதில் வரலாறு எழுதுகிறவர்களுக்குள் இன்றைக்கும் ஒற்றுமை கிடையாது. சம்பந்தம் குழம்பியது. பெண்ணின் சகோதரன் இவரைச் சவுக்கால் வெளுத்தான். பிறகு இரண்டு பேரும் துவக்கெடுத்து ஒற்றைக்கு ஒற்றை நின்றார்கள். ஒருவருக்கும் ஒரு கீறலும் விழவில்லை. பணக்காரர் சண்டை இப்படித்தான் முடியும்.

நியூபோர்ட்டில் துரைமார் கூடுகிற மன்றத்தின் பெயர் நியூபோர்ட் வாசிகசாலை. ஆண்களுக்கு மட்டும். அங்கே வாசிப்பு எந்த அளவில் நடந்திருக்கும் என்பதை, எங்கள் வாசிகசாலை விறாந்தையில் குந்தியிருந்து 304 சீட்டு விளையாடுகிற பெரியவர்களைக் கண்டவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 1879இல் பெனட்டின் கூட்டாளி ஒருவர் அங்கே விருந்தாளியாக வந்திருந்தார். கப்டன் கேண்டி என்ற இங்கிலாந்துக்காரர், போலோ ஆட்டக்காரர். குதிரையோடு வாசிகசாலைக்குள் போய்க் காட்டு பார்ப்போம் என்று பெனட் உசுப்பிவிட்டார். கேண்டி போனார். படியேறிப் போனார். கதிரையில் கண்ணயர்ந்திருந்த கிழவர்களின் பாட்டை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

காரியக்குழு கூடியது. கேண்டியின் விருந்தாளி உரிமை பறிபோனது. பெனட்டுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. பெல்வியூ வீதியில் தன் வீட்டுக்கு எதிரே இருந்த காணியை வாங்கினார். பார்த்தீர்களா, அங்கேயும் எதிர்க்காணிதான்! குதிரை விறாந்தையோடு நின்றதா, மண்டபத்துக்குள்ளும் போனதா என்று நியூபோர்ட்டில் இன்றும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். மொத்தமும் புழுகு என்று சொல்கிறவர்களும் உண்டு. கட்டடம் மட்டும் புழுகில்லை. மக்கிம், மீட், வைட் என்ற பேர்பெற்ற கட்டடக்கலைஞர்கள் வரைந்து கொடுக்க, 1880 ஜூலையில் நியூபோர்ட் கசினோ திறக்கப்பட்டது. பெயரைப் பார்த்துச் சூதாட்டம் என்று நினைக்கவேண்டாம். கடைகள், உணவகம், நாடக அரங்கு, டென்னிஸ் புல்தரைகள் எல்லாம் உள்ளே இருந்தன. நடுமுற்றத்தைச் சுற்றியோடும் விறாந்தை குதிரை லாட வடிவில் வளைந்து கிடக்கிறது. வாசிகசாலைக் கிழவர்களுக்கு அது விளங்கியிருக்கும்.

இந்த இடத்தில் எங்களுடைய பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். கடல், குதிரை, பொழுது போகாத வெள்ளைக்காரத் துரை: ஒரு டென்னிஸ் போட்டி பிறக்க இந்த மூன்றும் போதும் என்றால், நெடுந்தீவு நியூபோர்ட்டை அரை நூற்றாண்டுக்கு மேல் முந்தியிருக்கவேண்டும். ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயம் அங்கே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெப்டினன்ட் நோலன் என்ற ஆங்கிலேய ஆட்சியின் அதிகாரி தீவில் இருந்துகொண்டு குதிரை வளர்த்தார். லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. குதிரைகளின் வாரிசுகள் ஆள் அடக்கமில்லாமல் வெளியில் மேய்கின்றன. பிறகேன் நெடுந்தீவு பகிரங்கப் புல்தரைப் போட்டி என்று ஒன்று வரவில்லை? நோலனுக்குக் குதிரையை ஓட்டிக்கொண்டு உள்ளே போக அப்போது அங்கே ஒரு வாசிகசாலை இருக்கவில்லை என்பது முதற் காரணம். இரண்டாவது தண்ணீர். புல்தரைக்கு நன்னீர் குடம் குடமாக வேண்டும். கோடை முற்றினால் குதிரைகளே குடிக்க வழியில்லாமல் செத்து விழுகிற மண்ணில் புல்லுக்கு ஊற்றுகிறேன் என்று எவன் வாளியைத் தூக்கினாலும் ஊர் சும்மா விட்டிருக்காது. ஆகவே நாங்கள் நிலத்தில் கோடு கீறிக் கிளித்தட்டு விளையாடினோம், பிறகு வலை கட்டிக் கரப்பந்து அடித்தோம். இரண்டுக்கும் வெறுந்தரை போதும்.

நியூபோர்ட்டுக்கு வருவோம். 1881 மே மாதம் அமெரிக்க டென்னிஸ் சங்கம் உருவானது. அதே ஆண்டு ஓகஸ்ட் கடைசியில் முதலாவது தேசியப் போட்டி கசினோ புல்தரையில் தொடங்கியது. இன்றைக்கு யூ.எஸ். ஓப்பன் என்று விடியவிடியத் தொலைக்காட்சியில் பார்க்கிறோமே, அதன் முதற் பிறப்பு இதுதான். வென்றவர் ரிச்சர்ட் சியர்ஸ், பத்தொன்பது வயதுப் பெடியன், ஹார்வர்ட் மாணவன். மற்ற ஆட்டக்காரர் எல்லாரும் கடைசிக் கோட்டில் நின்று பந்தைப் பவ்வியமாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், சியர்ஸ் வலைக்குக் கிட்டப் போய் நின்று வந்த பந்தை நிலத்தில் விழவிடாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டிவிட்டார். எதிராளி ஓடி ஓடிக் களைத்தார். இந்த வித்தையைக் கண்டுபிடித்த மறுநாளே மற்றவர்களும் பழகியிருக்கவேண்டும். பழகவில்லை. 1887 வரை ஏழு வருடமும் சியர்ஸே வென்றார். பணக்காரப் பிள்ளைகளுக்குப் படிப்பதில் அவசரமில்லை.

நியூபோர்ட்டில் நடந்த கடைசித் தேசியப் போட்டி 1914இல். அதை வென்ற நோரிஸ் வில்லியம்ஸ் இரண்டு வருடத்துக்கு முன் டைட்டானிக்கிலிருந்து தப்பியவர். குளிர்ந்த தண்ணீரில் நெடுநேரம் கிடந்ததால் கால்கள் விறைத்துப்போக, காப்பாற்றிய கப்பலில் இருந்த வைத்தியர் இரண்டையும் வெட்டிவிடலாம் என்றார். வில்லியம்ஸ் எனக்கு இந்தக் கால்கள் தேவைப்படும் என்று மறுத்து, கப்பல் தட்டில் நடந்து நடந்தே அவற்றை மீட்டார். நெடுந்தாரகை, குமுதினிப் படகுகளுக்குக் குறிகட்டுவானில் காத்துநின்று, அலை கொஞ்சம் எழும்பினாலே அம்மாளைக் கூப்பிடுகிற எங்களுக்கு இந்த மனிசனின் அருமை தெரியும். கால்கள் தப்பின, நியூபோர்ட்டின் அதிர்ஷ்டம் தப்பவில்லை. பார்க்க வருகிறவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு ஒருவர் தொப்பியை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற முறைப்பாடு முற்றி, 1915இல் தேசியப் போட்டி நியூயோர்க்கின் பொறஸ்ட் ஹில்ஸுக்குப் போனது. அழைக்கப்பட்டவர் மட்டும் ஆடுகிற ஒரு போட்டியை வைத்துக்கொண்டு நியூபோர்ட் காலத்தைப் போக்கியது.

1950களில் கட்டடத்தை இடித்துவிட்டு வேறு வியாபாரம் பார்க்கலாம் என்ற பேச்சு எழுந்தது. காப்பாற்றியவர் ஜிம்மி வான் அலன், உள்ளூர்ச் செல்வந்தர். அவரும் மனைவியும் சேர்ந்து 1954இல் அங்கே டென்னிஸ் புகழ் மண்டபத்தை நிறுவினார்கள். மனைவியைச் செல்லமாக எல்லாரும் கேண்டி என்று கூப்பிட்டார்கள். கட்டக் காரணம் ஒரு கேண்டி, இடிக்காமல் விட்டதற்குக் காரணம் இன்னொரு கேண்டி, சோதிடர்கள் கவனிக்கவும். அதே 1954இல் ரிச்சர்ட்சன், கிளார்க் என்ற இருவர் ஆடிய ஆட்டம் முடியவே மாட்டேன் என்று நான்கு மணித்தியாலத்துக்கு மேல் இழுத்தது. கடைசி செட் மட்டும் 10-8. பசித்த வயிற்றோடு உட்கார்ந்திருந்த வான் அலன் அன்றைக்கே இதற்கொரு முடிவு கட்டுவதென்று தீர்மானித்தார். அப்படிப் பிறந்ததுதான் டை-பிரேக். பழமைவாதிகள் கொதித்தார்கள், 1970இல் யூ.எஸ். ஓப்பன் ஏற்றுக்கொண்டது. பரம்பரைச் செல்வந்தரான இவருக்கு நியூபோர்ட் போல்ஷெவிக் என்று பட்டம் சூட்டினார் பத்திரிகையாளர் பட் கொலின்ஸ். எங்கள் பரிசளிப்பு விழாத் தலைமையுரைகளுக்கும் இப்படி ஒரு விதியைக் கொண்டுவர ஒரு போல்ஷெவிக் பிறக்கவில்லையே என்பது எனது நெடுநாள் கவலை.

1976இல் ஆண்களின் தொழில்முறைப் போட்டியாக நியூபோர்ட் மறுபடி எழும்பியது. விம்பிள்டன் முடிந்த கையோடு ஜூலையில் நடக்கும். எங்கள் கணக்கில் சொன்னால், ஆனியில் நயினாதீவு அம்மாளுக்குத் தேர் ஓடுகிற நாள்களில் விம்பிள்டன். ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சுகிற நாள்களில் நியூபோர்ட். பெரிய தலைகள் விம்பிள்டனில் களைத்துப்போய் வீட்டுக்குப் போய்விடுவார்கள். புல்லில் ஆடத் தெரிந்தவர்களும் கையில் நுட்பம் உள்ளவர்களும் கடல் கடந்து வருவார்கள். முதல் வருடமே வென்றவர் சென்னைப் பெடியன் விஜய் அமிர்தராஜ். இறுதியாட்டத்தில் அமெரிக்கர் பிரையன் டீச்சரை வீழ்த்தினார். 1980இல் திரும்பவும் வென்றார். 1983இல் 'ஒக்டோபசி' என்ற ஜேம்ஸ் பொண்ட் படத்தில், உதயப்பூர்த் தெருக்களில் ஓட்டோவில் பறந்து, டென்னிஸ் ராக்கெட்டாலேயே அடியாட்களைச் சாத்தி, கடைசியில் வில்லன் ஆட்களின் கையால் செத்துப்போனார். செத்த மனிசன் அடுத்த வருடம் நியூபோர்ட்டில் டிம் மயோட்டை வென்று மூன்றாவது கோப்பையோடு நின்றார்.

விஜயின் மனைவி இலங்கைத் தமிழர். எனவே மாப்பிள்ளை எங்கள் பக்கத்து மருமகன். 1984 வெற்றியை இந்தியக் கணக்கில் மட்டும் எழுதி வைத்திருப்பவர்கள் புத்தகத்தைத் திருத்தவேண்டும். 2008இல் இவர்களுடைய மகன் பிரகாஷ் அதே புல்தரையில் இறுதியாட்டம் வரை போனான். பிரான்சின் பப்ரிஸ் சன்டோரோவிடம் தோற்றான். பேரன் தோற்றதை இந்தியக் கணக்கிலேயே விட்டுவிடலாம். லியாண்டர் பயஸ் தன் வாழ்நாளில் வென்ற ஒரேயொரு ஏடிபி ஒற்றையர் பட்டமும் 1998இல் இங்கேதான் கிடைத்தது.

நியூபோர்ட்டில் ஒரு செய்வினையும் இருந்தது. 1976 தொடங்கி முப்பத்தைந்து வருடமாக, முதல் தரநிலையோடு வந்த ஆட்டக்காரர் எவரும் அங்கே வென்றதில்லை. கசினோ சாபம் என்றே பெயர் வைத்தார்கள். குதிரையை வெளியே துரத்திய பாவமோ என்னவோ. 2009இல் இது உச்சத்துக்குப் போனது: ராஜீவ் ராம் தகுதிச் சுற்றிலேயே தோற்று வீட்டுக்குப் புறப்படுகிற நிலையில், வேறொருவர் விலகியதால் உள்ளே எடுக்கப்பட்டு, பிறகு கோப்பையையே தூக்கிக்கொண்டு போனார். 2011இல் ஜோன் இஸ்னர் சாபத்தை முறித்தார். இவர் ஆறடி பத்தங்குலம். இறுதியாட்டத்தில் எதிர்த்து நின்ற பெல்ஜியத்து ஒலிவியே ரோக்கஸ் ஐந்தடி ஆறு அங்குலம். அவ்வளவு உயரத்தில் நின்று பந்தை இறக்கினால் எந்தச் செய்வினையும் வெட்டுப்படும்.

2024 ஜூலையில் புகழ் மண்டபம் விஜயையும் லியாண்டரையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அந்த மண்டபத்துக்குள் போன முதல் ஆசிய ஆண்கள் இவர்கள். அதே மாதம் மார்க்கோஸ் கிரோன் வென்றதோடு நியூபோர்ட்டின் ஏடிபி சுற்றுப்போட்டி முடிந்தது. 2025 முதல் ஒரு படி கீழே, சலஞ்சர் தரத்தில், பெண்களுக்கும் சேர்த்து நடக்கிறது. என்னைக் கேட்டால் நட்டமில்லை. பெண்களை உள்ளே விடாத வாசிகசாலையோடு கொழுவிப் பிறந்த இடம் வந்து சேரவேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறது.

அந்தப் புல்தரைகளில் இப்போது கோடையில் காசு கட்டினால் யாரும் ஆடலாம். ரொறன்ரோவில் இருக்கிற தீவகத்தார் ஒரு பகல் கார் ஓடினால் போய்விடலாம். விடுமுறைக்கு நயாகராவையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்காமல், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒருக்கால் அங்கேயும் போய் வாருங்கள். முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுப் போங்கள்.