முட்டை மார்க்

அவிநாசிபாளையம் நாலு ரோட்டிலிருந்து வடக்கே போனால் திருப்பூர், தெற்கே தாராபுரம், மேற்கே பல்லடம், கிழக்கே காங்கேயம். நாலு திசையிலும் நான் கம்ப்யூட்டர் பற்றி வாதாடி ஜெயித்த ஆபீஸ்கள் உண்டு. அத்தனை ஆபீஸிலும் இன்றுவரை விண்டோஸ்தான் ஓடுகிறது.

நான் எம்ப்ராய்டரி ஜாப் வொர்க் செய்கிறவன். பனியன் கம்பெனியிலிருந்து வெட்டின பீஸ் வரும். நெஞ்சில் லோகோ போட்டுத் திருப்பி அனுப்புவோம். ஆயிரம் தையலுக்கு இன்ன காசு என்று கணக்கு. இது பகல் வேலை. ராத்திரி வேலைக்குக் கூலி கிடையாது. போனைப் பிடித்துக்கொண்டு இன்டெல்லா ஏஎம்டியா, டெபியனா உபுண்டுவா, வாட்ஸாப்பை நம்பலாமா கூடாதா என்று முகம் தெரியாதவர்களோடு மல்லுக்கட்டுவேன். எதிராளி பதில் எழுதாமல் போய்விட்டால் அது என் வெற்றி. அவர் தூங்கப் போயிருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்ததே இல்லை.

ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தது 1983 செப்டம்பரில், லினஸ் டோர்வால்ட்ஸ் தன் லினக்ஸைப் பற்றி முதன்முதலாக உலகுக்குச் சொன்னது 1991 ஆகஸ்டில். எங்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம் எந்த வருஷம் என்று கேட்டால் மட்டும் திணறுவேன். கட்டற்ற மென்பொருளுக்கு நான்கு சுதந்திரங்கள்: எதற்கு வேண்டுமானாலும் ஓட்டலாம், உள்ளே பிரித்துப் படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கும் என் மச்சானிடம் இதை ஒருநாள் விளக்கினேன். அவர் ஆபீஸில் காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர் ஒன்றுகூடக் கிடையாது. முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஓட்டறதும் அடுத்தவனுக்குக் குடுக்கறதும் நாங்க ஏற்கெனவே பண்ணிட்டுத்தான் இருக்கறோம் மாப்ள. மிச்ச ரெண்டு எதுக்கு?”

என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது நான் செய்வதை அன்றும் செய்தேன். உரிமம், திருட்டு, அறம் என்று அரைமணி நேரம் பேசினேன். மச்சான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார்.

பேசியதோடு நின்றிருந்தால் சேதம் குறைவு. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அதில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எதை வேண்டுமானாலும் திறந்துகொள்ளலாம். பிள்ளைகள் விண்டோஸைத் திறந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. உமாசங்கர் ஐஏஎஸ் தலைமையில் இருந்தபோது எல்காட் நிறுவனமே லினக்ஸுக்கு மாறிய வரலாற்றை எடுத்துச் சொல்லி, என் அக்கா மகளின் லேப்டாப்பிலிருந்து விண்டோஸை வேரோடு பிடுங்கினேன். அதோடு சேர்ந்து போனது அவளுடைய காலேஜ் பிராஜெக்ட். “மாமா, டெஸ்க்டாப்ல வெச்சிருந்தனுங்களே, எங்கீங் மாமா?” என்று கேட்டாள். பேக்கப் எடுக்க வேண்டியதன் அவசியம் பற்றி அவளுக்கு அங்கேயே ஒரு வகுப்பு எடுத்தேன். இன்று அவள் கோயமுத்தூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். தினமும் லினக்ஸ் சர்வரில்தான் வேலை. நோம்பிக்கு ஊருக்கு வரும்போது லேப்டாப்பை மட்டும் நான் இருக்கும் ரூமில் வைப்பதில்லை.

ஹார்டுவேரிலும் என் புலமை இதே தரம்தான். எங்கள் யூனிட்டில் ஒரு பழைய ஜப்பான் மெஷின், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. டிசைனை ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தால்தான் படிக்கும். ஒரு ஃப்ளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்பி. அது போதும், ஏனென்றால் எம்ப்ராய்டரி ஃபைலில் ஒரு தையலுக்கு மூன்றே பைட். பத்தாயிரம் தையல் ஓடும் லோகோ 30 கேபிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் நான் ப்ராசஸர், கோர், கேச் என்று ராத்திரி ராத்திரியாகப் போர் நடத்திக்கொண்டிருந்தேன். போரில் சொன்னதை வாழ்ந்து காட்ட வேண்டாமா? கோயமுத்தூர் போய் அசெம்பிள் செய்து கொண்டுவந்தேன். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் லைட். பழைய கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன்.

மறுநாள் காலை மெஷின் ஓட்டும் தம்பி ஃப்ளாப்பியும் கையுமாக வந்து புது கேபினெட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். “அண்ணா, இதை எதுலீங் சொருகறது?”

சொருக இடமில்லை. ஃப்ளாப்பி டிரைவ் எடைக்குப் போன பெட்டியில் இருந்தது. சோனி கம்பெனியே 2011இல் ஃப்ளாப்பி விற்பதை நிறுத்தியிருந்தது. அந்தச் செய்தியை வைத்து ஒரு வாதத்தில் ஜெயித்தவனும் நானேதான். இரும்புக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் நான் வந்த வேகத்தைப் பார்த்தே விலையை முடிவு செய்துவிட்டார்.

“நேத்து கிலோக் கணக்குலதானுங்க வாங்குனீங்க?”

“வாங்கறப்ப இரும்புங்க. விக்கறப்ப கம்ப்யூட்டருங்க.”

என் ஹார்டுவேர் வாழ்க்கையில் நான் கேட்ட ஒரே உருப்படியான விளக்கம் அது. இப்போது அந்த ஃப்ளாப்பி வாய்க்குப் பதிலாகப் பென்டிரைவ் சொருகும் பெட்டி ஒன்றை மாட்டியிருக்கிறோம். அப்படி ஒன்று சந்தையில் இருப்பதை எனக்குச் சொன்னதும் அந்தத் தம்பிதான்.

அக்கவுன்ட்ஸ் பார்க்கும் அக்காவின் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன், நீட்டினால் அவருக்கு மறுபடி கோபம் வரும். ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள் 20ஆம் தேதி. நான் லினக்ஸ் போட்டது 19ஆம் தேதி. மூன்று காப்பி கார்பன் சலான் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், அடிக்க வேண்டிய கட்டத்தைவிட்டு ஒரு வரி கீழே இறங்கி அடித்தது. “இதுல எவனும் உளவு பாக்க முடியாதுங்க்கா” என்றேன். “நானே பாக்க முடியலீங் தம்பி” என்றார்.

உளவு என்றதும் தனியுரிமை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், தனியுரிமை அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னார்கள். அன்று முழுவதும் அந்த வழக்கை நானே நடத்தியவன் மாதிரி நடமாடினேன். 2021 ஜனவரியில் வாட்ஸாப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்ததும் ஊரைத் திரட்டி சிக்னலுக்குக் குடியேறுவது என்று கிளம்பினேன். வாட்ஸாப்பில் நம் பேச்சைப் பூட்டும் முறையே சிக்னல்காரர்கள் செய்ததுதான். 2016 முதல் அதுதான் அங்கே ஓடுகிறது. யார் யாரோடு எப்போது பேசினார் என்கிற குறிப்புகளைச் சேர்த்து வைப்பதில்தான் இரண்டுக்கும் வித்தியாசம். இந்த நுணுக்கத்தை அழகாக எழுதிச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன், வாட்ஸாப்பில். சித்தப்பா கை கூப்பும் படம் ஒன்று போட்டார். சிக்னலுக்கு வந்தது நானும், அடுத்த வாரம் தன் பழைய போனைத் தொலைத்துவிட்ட ஒரு பங்காளியும். கம்பெனி மெர்ச்சண்டைசர்கள் சாம்பிள் அப்ரூவலை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்கள். வேறு யூனிட்டுக்கு பீஸ் போக ஆரம்பித்ததும் சத்தமில்லாமல் திரும்பி வந்தேன்.

இத்தனைக்கும் எங்கள் தொழிலில் ரகசியம் என்பது நிஜமான சரக்கு. வெளிநாட்டு பையரின் அடுத்த சீசன் டிசைன் கடைக்கு வருமுன்னே வெளியே கசிந்தால் ஆர்டரே போய்விடும். அப்படிப்பட்ட டிசைன்கள் இருந்த பென்டிரைவை, கடவுச்சொல் எப்படி அமைய வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த சுவாரசியத்தில், டீக்கடை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். கடைக்காரர் பையன் அதை டிவியில் சொருகிப் பார்த்திருக்கிறான். “பாட்டு ஒண்ணுமே இல்லீங்களே அண்ணா” என்று குறைப்பட்டுக்கொண்டு திருப்பிக் கொடுத்தான். உச்ச நீதிமன்றம் எனக்குக் கொடுத்ததை நான் டீக்கடையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கடைசியாக, நான் ரொம்பவும் பெருமைப்பட்ட இடத்துக்கு வருகிறேன். லோகோவைத் தையலாக மாற்றும் வேலைக்கு எங்கள் தொழிலில் பஞ்சிங் என்று பெயர். அதற்கான சாஃப்ட்வேர் விலை அதிகம். பூட்டுக்கு ஒரு டாங்கிளும் சொருகியிருக்க வேண்டும். ஆகவே திருப்பூரில் பஞ்சிங் தெரிந்தவரிடம் காசு கொடுத்துச் செய்து வாங்குவோம். இங்க்ஸ்கேப் என்ற கட்டற்ற வரைகலை மென்பொருளோடு இங்க்/ஸ்டிச் என்ற இணைப்பைச் சேர்த்தால் இதே வேலையைச் செய்யலாம், பைசா செலவில்லை. இனி என் யூனிட்டில் பஞ்சிங் கூலி கிடையாது என்று அறிவித்துவிட்டு, வட்டமான ஒரு லோகோவை நானே பஞ்ச் செய்தேன்.

திரையில் வட்டம். சிங்கிள் ஜெர்ஸி துணியில் முட்டை.

கோளாறு துணியில்தான் என்று மெர்ச்சண்டைசரிடம் வாதாடினேன். திரையை போட்டோ எடுத்து அனுப்பி, “வட்டம்தானே?” என்று கேட்டேன். “ஆமாங் சார். திரையை யாரு சார் போட்டுட்டுப் போகப் போறாங்க?” என்றார் அவர். மெஷின் தம்பி பீஸைக் கையில் எடுத்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தான். “நூலு ஓடற பக்கம் துணியை உள்ள இழுக்கும்ங்ணா. அந்தப் பக்கம் கொஞ்சம் பெருசா வெச்சு, அடித்தையல் குடுத்து, பேக்கிங் பேப்பரை மாத்துனா வட்டம் வந்துரும்.” இழுப்புக்கு ஈடுகட்டுவதற்கும் அடித்தையலுக்கும் அந்த மென்பொருளிலேயே இடம் இருந்தது. நான் அதன் உரிமத்தைப் படித்திருந்தேன். அமைப்புகளைத் திறந்து பார்க்கவில்லை.

அடுத்த சாம்பிளில் வட்டம் வட்டமாக வந்தது, பச்சை இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு. எங்கள் மெஷின்கள் படிப்பது டிஎஸ்டி ஃபைல். அதற்குள் ‘இங்கே நிறத்தை மாற்று’ என்ற கட்டளை உண்டு, என்ன நிறம் என்பது கிடையாது. எந்த ஊசிக்கு எந்த நூல் என்று தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். அதையும் தம்பிதான் சொன்னான்.

இந்த டிஎஸ்டியைப் பற்றிப் படித்துப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே உறைத்தது. டஜிமா என்ற ஜப்பான் கம்பெனி தன் மெஷினுக்காகச் செய்த வடிவம் அது. தலைப்புக்கு 512 பைட், அப்புறம் ஒவ்வொரு அசைவுக்கும் மூன்று பைட். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியம், ஒரே தாவலில் அதிகபட்சம் 12.1 மில்லிமீட்டர். இவ்வளவு எளிமையாக இருப்பதால் ஜப்பான் மெஷினும் படிக்கிறது, சீன மெஷினும் படிக்கிறது. விலை உயர்ந்த சாஃப்ட்வேரும் எழுதுகிறது, இலவச சாஃப்ட்வேரும் எழுதுகிறது. திருப்பூரில் பஞ்ச் செய்தது அவிநாசிபாளையத்தில் ஓடுகிறது. எந்தக் கம்பெனியும் தனியே பூட்டி வைக்க முடியாத பொதுச்சொத்து வேண்டும் என்று ராத்திரியெல்லாம் நான் தொண்டை வறளப் பேசியது, பகலெல்லாம் என் மெஷினில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்காக யாரும் வாதாடியதாகத் தெரியவில்லை.

மச்சான் கேட்ட மிச்ச ரெண்டும் தம்பியிடம் இருந்தன. அவன் உள்ளே பார்க்கிறான், மாற்றுகிறான். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சின்ன மென்பொருளுக்குள் ஒருவர் வைத்திருந்த கள்ளக் கதவை ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்ததும், கம்ப்யூட்டருக்குள் நுழைய அரை விநாடி ஏன் அதிகமாகிறது என்று அவர் குடைந்து பார்த்ததால்தான். திறந்த மூலத்தை ஆயிரம் கண்கள் பார்க்கின்றன என்று நான் அதை வைத்து ஒரு வாரம் வாதாடினேன். அந்த ஆயிரத்தில் என் கண் இல்லை. ஒரு மென்பொருளின் மூல நிரலையும் நான் திறந்ததில்லை. கணியம் இதழ் 2012 முதல் இதையெல்லாம் தமிழிலேயே பொறுமையாகக் கற்றுக் கொடுக்கிறது. அதன் கட்டுரைகளை எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன். படித்ததில்லை.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது இல்லை. இத்தனை வருஷம் நான் காத்திருந்த நாள் வந்தது. அக்கவுன்ட்ஸ் அக்காவே கேட்டார்: “தம்பி, அந்த லினக்ஸுங்கறத இன்னொருக்காப் போட்டுப் பாக்கலாங்ளா? பிரிண்டர் மட்டும் சரியா வந்தாப் போதுங்.”

எனக்குக் குரலே தழுதழுத்தது. டெபியன் உறுதியானது, ஆனால் பழசு. உபுண்டு எளிது, ஆனால் அதன் கொள்கையில் எனக்குச் சில மாறுபாடுகள் உண்டு. மின்ட் விண்டோஸ் பழக்கத்துக்கு ஒத்துவரும், ஆனால் அதிலும் மூன்று முகப்புகள் இருக்கின்றன என்று தொடங்கினேன். மறுநாளும் தொடர்ந்தேன். அதற்கு அடுத்த நாள் ஆபீஸுக்குப் போனபோது விண்டோஸ் 11 போட்ட செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் ஒன்று மேஜையில் உட்கார்ந்திருந்தது, சலான் சரியான கட்டத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “அந்த மூணு முகப்புல எது நல்லதுன்னு சொல்ல வந்தீங் தம்பி?”

சொல்கிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.