ஜவ்வாதுமலையில் கார் பந்தயம் நடத்தக் கோருதல் – தொடர்பாக

அனுப்புநர்: ஜவ்வாதுமலைக்காரன் ஒருவன், ஜமுனாமரத்தூர் வழி.

பெறுநர்: விளையாட்டுத் துறையை இப்போது யார் கையில் வைத்திருக்கிறாரோ அவர், தலைமைச் செயலகம், சென்னை.

ஐயா,

சாலை கேட்டு மனு எழுதி எழுதி எங்களுக்குக் கை தேய்ந்துவிட்டது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு மலையிறங்கி, வரிசையில் நின்று, மனுவைக் கொடுத்து, ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடுவோம். மனு என்ன ஆச்சு என்று அடுத்த முறை கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்பார்கள். எங்கள் தாத்தா கொடுத்த மனுகூட இன்னும் பரிசீலனையில்தான் இருக்கும் போலிருக்கிறது. அரசாங்கம் எதையும் அவசரப்பட்டு நிராகரிப்பதில்லை. அந்த நல்ல குணத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஆகவே இந்த முறை சாலை கேட்கப் போவதில்லை. எங்களுக்கு ஒரு கார் பந்தயம் வேண்டும்.

இந்தப் புத்தி எங்களுக்கு 2023இல் வந்தது. அந்த ஆண்டு மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம், எங்கள் மலைத்தொடரைச் சேர்ந்த அல்லேரி மலையில், அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ், வண்டி போகிற பாதை முடிந்த இடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பியது. அங்கிருந்து அந்தத் தாய் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு பல கிலோமீட்டர் மலையேறி நடந்தார். படம் பத்திரிகையில் வந்தது. அதற்கப்புறம் அதிகாரிகள் மலையேறினார்கள். சாலைக்கு உறுதிமொழி கிடைத்தது. ஒரு ஃபைல் நகர்வதற்கு என்ன விலை என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒன்றரை வயது.

அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னையிலிருந்து இன்னொரு செய்தி. ஃபார்முலா 4 பந்தயம் வருகிறது. தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர், 19 வளைவுகள், இரவு நேர ஓட்டம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ரேசிங் புரமோஷன்ஸ் என்ற தனியார் கம்பெனியும் சேர்ந்து நடத்துவதாக ஏற்பாடு. இந்த ஃபைல் நகர யாரும் சாக வேண்டியிருக்கவில்லை.

கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம். தமிழ்நாட்டில் தார் என்பதைப் பார்த்தேயிராத சாலைகள் என்று இவற்றை யாரும் சொல்ல மாட்டார்கள். இருந்தாலும் அவற்றைச் செப்பனிட்டு, மறுபடி தார் போட்டு, தூசி தும்பு இல்லாமல் பளபளவென்று ஆக்கினார்கள். இருபுறமும் தடுப்புச் சுவர், கம்பி வேலி, ராத்திரியைப் பகலாக்கும் விளக்குகள். டிசம்பர் 9, 10 என்று நாளும் குறித்தாகிவிட்டது. நடுவில் மிக்ஜாம் புயல் வந்து சென்னை மூழ்கியதால் பந்தயம் தள்ளிப்போனது. கவனிக்க: தள்ளித்தான் போனது.

கார் பந்தயம் ஓட்ட இடமில்லாத மாநிலமா நம்முடையது? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பல வருஷமாகப் பந்தயத் தடம் இருக்கிறது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இன்னொன்று. அங்கெல்லாம் ஓட்டினால் கார் ஓடும். ஆனால் பின்னணியில் நேப்பியர் பாலம் தெரியாது. அது பெரிய குறைதான், ஒத்துக்கொள்கிறோம்.

கடைசியில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் பந்தயம் நடந்தது. முதல் நாள் தடத்துக்கான சர்வதேசச் சான்றிதழ் வந்து சேரவில்லை. உயர் நீதிமன்றம் மதியம் வரை அவகாசம் கொடுத்தது. அதற்குள்ளும் வரவில்லை. இரவு 8 மணி வரை நீட்டித்தது. சாயங்காலம் போலச் சான்றிதழ் வந்தது. ராத்திரி கார்கள் சீறின. ஒரு காகிதத்துக்காக ஒரு மாநிலமே மணிக்கணக்கைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியும் என்பதை எங்கள் ஆட்கள் செல்போனில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். எங்கள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது சிலந்தி மட்டும்தான். நடுவில் ஒரு தெருநாய் தடத்துக்குள் புகுந்து ஓட்டத்தைத் தாமதமாக்கியது. அந்த இரண்டு நாளில் டிக்கெட், பாஸ், சான்றிதழ் எதுவும் இல்லாமல் அந்தச் சாலையை அனுபவித்த ஒரே ஏழை அதுதான்.

பணக் கணக்குக்கு வருவோம். இந்தப் பந்தய ஏற்பாட்டுக்கு அரசு போட்டது 42 கோடி. 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம், பந்தயம் நடக்கட்டும், ஆனால் இந்த 42 கோடியைக் கம்பெனி அரசுக்குத் திருப்பித் தர வேண்டும், இனிமேல் நடத்தினால் 15 கோடியை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றது. அடடா, நியாயம் இருக்கிறது என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். 2025இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. அரசு தன் இஷ்டத்துக்குக் கொடுத்தது; கொடுத்தது கொடுத்ததுதான். அணிகளை வைத்திருந்தவர்கள் யாரென்று பார்த்தால் சவுரவ் கங்குலி, ஜான் ஆபிரகாம், நாக சைதன்யா. எல்லாரும் ரேஷன் கடை வரிசையில் எங்களுக்கு முன்னால் நிற்கிறவர்கள்தான், கைதூக்கி விட வேண்டியதுதான்.

இதைப் பந்தயம் நடத்திய ஆட்சியின் குற்றம் என்று மட்டும் எழுதினால் அதை எதிர்த்த கட்சிக்காரர்கள் என் மனுவையே போஸ்டர் அடித்துவிடுவார்கள். அ.தி.மு.க. இந்தப் பந்தயத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தது, சரி. அவர்கள் ஆண்ட வருஷங்களிலும் அல்லேரிக்காரர்கள் நடந்துதான் போனார்கள். பா.ஜ.க.வும் எதிர்த்தது. அவர்கள் கூட்டணி ஆண்ட மகாராஷ்டிரத்தில் 2023இல் என்ன நடந்தது? டி20 கிரிக்கெட் ஆட்டத்துக்கான போலீஸ் பாதுகாப்புக் கட்டணத்தை 70 லட்சத்திலிருந்து 10 லட்சமாகக் குறைத்து, அதையும் 2011 வரை பின்தேதியிட்டுச் சலுகை கொடுத்தார்கள். யாருடைய ஆட்டங்களுக்கு? ஐ.பி.எல். ஐந்து வருஷ ஒளிபரப்பு உரிமையை 48,390 கோடிக்கு விற்றவர்களின் ஆட்டங்களுக்கு. எங்கள் ஊரில் வாங்கின கடனுக்கு வட்டியை ஒரு நாள் பின்தேதியிட்டுக் குறைத்தவனை நான் பார்த்ததில்லை.

காங்கிரஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டி நடத்தினார்களே, அதற்கு 744 கோடி எங்கிருந்து போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் தோண்டி எடுத்தபோது, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய உட்திட்டப் பணத்திலிருந்து என்று தெரியவந்தது. அப்போதைய உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம் நாடாளுமன்றத்திலேயே 678 கோடி திருப்பிவிடப்பட்டது தவறு என்று ஒத்துக்கொள்ள வேண்டிவந்தது. சேரிப் பிள்ளையின் ஸ்காலர்ஷிப் ஸ்டேடியத்து நாற்காலியாகிற ரசவாதம் அது. பாதரசத்தைத் தங்கமாக்கத் தெரியாமல் நம் சித்தர்கள்தான் காடு மலையெல்லாம் சுற்றிச் செத்தார்கள்.

'விளையாட்டுக்குப் போட்ட காசு சுற்றுலாவாகத் திரும்பி வரும், உலக வரைபடத்தில் இடம் கிடைக்கும்' என்பார்கள். கனடாவில் மாண்ட்ரியல் நகரம் 1976 ஒலிம்பிக்குக்கு ஒரு ஸ்டேடியம் கட்டியது; அந்தக் கடனை 2006 வரை, சிகரெட் வரி போட்டு அடைத்தார்கள். முப்பது வருஷம் ஊதித் தள்ளினார்கள் பாவம். வரைபடம் என்று வந்தால் எங்கள் மலைக்கும் ஒரு பெருமை உண்டு. எங்கள் காவலூர் வானாய்வகத்திலிருந்து 1977இல் யுரேனஸ் கிரகத்தின் வளையத்தைக் கண்டார்கள். யுரேனஸைப் பார்க்க முடிகிற மலை, கோட்டையிலிருந்து பார்த்தால் மட்டும் தெரிவதில்லை.

சரி, பந்தயத்துக்கு எங்கள் தகுதி என்ன என்று கேட்பீர்கள். தீவுத்திடலில் காசு கொடுத்து 19 வளைவு செய்தீர்கள். எங்களிடம் கொண்டை ஊசி வளைவுகள் இலவசம். இரவு நேரப் பந்தயத்துக்கு இருட்டு வேண்டுமானால் அதுவும் ஏராளம். ஓடுகிற ஆட்களும் உண்டு. பாரம் தூக்கிக்கொண்டு மலையில் ஓடுவதில் எங்கள் ஆட்களை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று மரக்கடத்தல் முதலாளிகளே சான்றிதழ் கொடுப்பார்கள். அவர்கள் பேச்சை நம்பிக் கூலிக்குப் போனவர்கள் எங்கே போனார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7, ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் 20 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதில் எங்கள் மலை ஆட்களும் உண்டு. அன்றைக்கு மட்டும் எங்கள் ஊர்ப் பெயர்கள் எல்லா சேனலிலும் ஓடின.

இப்போதைக்கு எங்கள் வாகனம் தூளி. ஒரு நல்ல மூங்கில் கழி, கனமான போர்வை. போர்வையின் இரண்டு முனையையும் கழியில் முடிச்சுப் போட்டு, நடுவில் பிரசவ வலியில் இருக்கிற பெண்ணைக் கிடத்துவோம். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், தோளில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு. முன்னால் போகிறவனும் பின்னால் வருகிறவனும் ஒரே கால் வைக்கக் கூடாது. வைத்தால் தூளி ஆடும், அவள் கத்துவாள். இறக்கத்தில் முன்னால் இருப்பவன் கழியைத் தோளுக்கு மேலே கையால் உயர்த்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தலைப்பக்கம் சரியும். ஒருவன் டார்ச்சும் தடியுமாக முன்னே போவான், பாம்புக்காக. நடுவில் எங்கேயாவது இறக்கி வைத்து ஆள் மாற்றுவார்கள். அந்த நேரத்தில் யாரும் பேசிக்கொள்வதில்லை. போர்வைக்குள்ளிருந்து சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

சாலை கேட்டால் வனத்துறை சட்டம் சொல்லும். காடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை; காட்டில்தான் குடியிருக்கிறோம். அந்தச் சட்டத்திலேயே வழியும் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராம சபை பரிந்துரைத்தால் சாலை மாதிரியான வசதிக்கு ஒரு ஹெக்டேருக்குள் காட்டு நிலம் விடலாம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது என்கிறது. ஒரு ஹெக்டேர் என்றால் 10,000 சதுர மீட்டர். நாலு மீட்டர் அகலத்தில் போட்டால் இரண்டரை கிலோமீட்டரில் தீர்ந்துபோகும். மிச்ச தூரத்துக்கு மத்திய அரசு வரை ஃபைல் போக வேண்டும். ஃபைலுக்குத் தூளி கட்ட ஆள் கிடைக்கவில்லை.

இப்போது எங்கள் சூட்சுமத்தைச் சொல்லிவிடுகிறேன். கார் பந்தயத்துக்குச் சர்வதேச விதி ஒன்று இருக்கிறது. தடத்தில் ஆம்புலன்ஸும் டாக்டரும் தயாராக நிற்காமல் ஒரு கார்கூடக் கிளம்பக் கூடாது. ஓட்டுகிறவனுக்கு அடிபட்டால் கண் மூடித் திறப்பதற்குள் தூக்கியாக வேண்டும். பக்கத்திலேயே மருத்துவ மையம் வேண்டும். நல்ல விதி, மனிதாபிமானம் உள்ள விதி. எனவே எங்கள் மலைக்குப் பந்தயம் வந்தால் தடம் வரும், விளக்கு வரும், டவர் வரும், டாக்டர் வருவார், ஆம்புலன்ஸ் வந்து எஞ்சினை அணைக்காமல் நிற்கும். இரண்டு நாள் போதும். அந்த இரண்டு நாளைக்குள் பிரசவிக்கும்படி எங்கள் பெண்களிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம். பாம்புகளிடமும் தேதி சொல்லிவிடுகிறோம்.

பந்தயம் முடிந்ததும் தடுப்புகளைக் கழற்றி லாரியில் ஏற்றிப் போங்கள். விளக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பும் ஷாம்பெயினும் உங்களுக்கே. தாரை மட்டும் சுரண்டி எடுக்காமல் விட்டுப்போனால் போதும்.

இப்படிக்கு,
மேற்படி மலைக்காரன்.

இணைப்பு:
1. சென்ற மனுக்களின் ரசீதுகள், ரப்பர் பேண்டு போட்டது.
2. மூங்கில் கழி ஒன்று, போர்வை ஒன்று (மாதிரி வாகனம், தொழில்நுட்பக் குழுவின் பார்வைக்கு). பார்த்தபின் தயவுசெய்து திருப்பி அனுப்பவும். ஐப்பசி மழைக்கு முன் தேவைப்படும்; கிழக்கு வீட்டில் ஒரு பெண்ணுக்கு எட்டாவது மாதம்.